புதுப்பிப்பு: 304-ஆ 316-ஆ? மாலிப்டினம் கோடு தெரிந்துவிட்டது

304, 316 இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள்; 316-இல்தான் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். துண்டில் மின்பொறி அடித்து, அந்த ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஸ்பார்க் நிறமாலையில் 316 ஸ்டீலின் மாலிப்டினம் கோடு தெரியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒளி உள்ளே நுழையும் பிளவைக் குறுக்கியதில் வெளிச்சம்தான் குறைந்தது. பலித்தது, பொறி அடிக்கும் கார்பன் முனையை மாற்றச் சொன்னதுதான். கார்பனின் ஸ்வான் பட்டைகள் (கார்பன் மூலக்கூறு உமிழும் அகலமான ஒளிப்பட்டைகள்) 550–563 நானோமீட்டரில் பரவி, மாலிப்டினத்தின் 553.3, 557.0 கோடுகள் இரண்டையும் மூடியிருந்தன.

இப்போது கூராக அரைத்த செம்பு முனை. அதன் 510.6, 521.8, 578.2 கோடுகளே அளவுத்திருத்தத்துக்கும் உதவுகின்றன. 557.0-ஐ நம்ப வேண்டாம், 556.96-இல் இரும்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, 304-இலும் வரும். 553.3-ஐப் பாருங்கள், தெரிந்த 304 துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து.

எதிர்பாராதது: 589-இல் கொழுத்த மஞ்சள் கோடு. விரல் வியர்வையின் சோடியம்! எமரித் தாளில் தேய்த்து அசிட்டோனில் துடைத்ததும் மங்கிவிட்டது.