சின்ன டிராக்டரில் குட்டை மண் அள்ள வழி என்ன?

கேள்வி: பாலக்கோடு பக்கம் சரிவுக் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டுறோம். முன்னால் லோடர் (மண் அள்ளும் பக்கெட்), பின்னால் பேக்ஹோ (தோண்டும் கை), 30 எச்பி வண்டி. மண்ணை மேலே ஏற்றணும்.

பதில் 1: பக்கெட் நிறைய மண்ணோடு ஏறும்போது முன்பக்கமா, இறங்கும்போது ரிவர்ஸ்ல வாங்க. பாரம் எப்பவும் மேட்டுப்பக்கம். பக்கெட் தரையிலிருந்து ஒரு அடிக்குள்ள இருக்கட்டும். சரிவில் குறுக்கே ஓட்டாதீங்க, கவிழ்றது அங்கதான். இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனியா இருக்கிற ரெண்டு பிரேக் பெடலையும் ஒண்ணா இணைச்சுப் பூட்டிடுங்க. ரோல் பார் (கவிழ்ந்தா ஓட்டுறவரைக் காக்கும் கம்பி வளைவு) நிமிர்ந்திருக்கணும், பெல்ட் கட்டாயம்.

பதில் 2: தோண்டும்போது வண்டியைத் தாங்கும் பேக்ஹோ கால்களுக்கு அடியில் பலகை போடுங்க, ஈரச் செம்மண்ணில் ஒரு கால் புதைஞ்சா வண்டியே சாயும். மண்ணை மேட்டுப்பக்கம் திருப்பிக் கொட்டுங்க. கரை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் குவிக்கணும். வண்டி இன்னும் தள்ளி.

கேள்வி கேட்டவர்: டிரெய்லரில் ஒரு யூனிட் (100 கன அடி) மண் ஏற்றலாமா?

பதில் 2: வேண்டாம். 100 கன அடி ஈரமண் நாலரை டன் வரும். பாதி போதும்.