மேலத்தெரு வீட்டு குரூப்

குமார் சித்தப்பா: கிணத்து வயலைக் குடுத்துரலாமான்னு அண்ணன்கிட்ட நேர்லயே கேட்டாச்சு. "ஆமா ஆமா"ன்னாரு. 18ஆம் தேதி பத்திரம். ஆதார் எடுத்துட்டு வந்துருங்க.

ராஜி அத்தை: எப்ப கேட்ட?

குமார் சித்தப்பா: நேத்து. மணி சாட்சி.

மணி: நான் டீ குடிக்கத்தான் வந்தேன் மாமா 🙏

சரண்யா: சித்தப்பா, அப்பா சொன்ன ஆமாவை நம்பி எதுவும் பண்ணாதீங்க. கொஞ்ச நாளாவே காபி வேணுமான்னா வேணாங்கறாங்க, டம்ளரை எடுத்துட்டுப் போனா கோவப்படறாங்க. மூளையில பேச்சுக்கான இடம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்குதாம். பிரைமரி புரோகிரசிவ் அபேசியா. ஸ்ட்ரோக் மாதிரி ஒரே நாள்ல வர்றதில்ல. இதுல சில பேருக்கு ஆமா-இல்ல, அவன்-அவ, நேத்து-நாளைக்குன்னு எதிரெதிரா மாறி விழும். நினைக்கறது சரியாத்தான் இருக்கும். தலையாட்டறதுகூட சில நேரம் மாறிருது.

செந்தில் துபாய்: அதான் பெரியப்பா என்னைப் பத்தி "அவ எப்ப வருவா"ன்னு கேட்டாங்களா 😂

ராஜி அத்தை: உனக்குப் பாவாடை கட்டி போட்டோ எடுத்தது ஞாபகம் வந்திருக்கும்

குமார் சித்தப்பா: வசதியான வியாதியா இருக்கே. பொங்கலுக்கு நெல்லு கணக்கு பூரா சரியாப் போட்டாரு.

சரண்யா: கணக்கு, ஞாபகம் எல்லாம் இருக்கு சித்தப்பா. 1982ல மெசுலம்னு அமெரிக்க டாக்டர் ஆறு பேரைப் பத்தி எழுதினதே இதைத்தான், மத்ததெல்லாம் நல்லா இருக்கும்போதே பேச்சு மட்டும் தேயறதை. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கும் 2022ல முதல்ல அபேசியான்னுதான் அறிவிச்சாங்க.

மணி: டை ஹார்டு!! 😢

ராஜி அத்தை: அம்மா வளையலுக்கும் இப்படித்தான் "அண்ணன் சரின்னுட்டாரு"ன்ன குமாரு. அப்ப அண்ணனுக்கு வியாதியும் இல்ல.

குமார் சித்தப்பா: அதை ஏன் இங்க இழுக்க

மணி: குலதெய்வம் கோயிலுக்கு வேன் 12 சீட்டா 17 சீட்டா?

செந்தில் துபாய்: அப்ப எப்படித்தான் கேக்கறது?

சரண்யா: ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேக்கவே கூடாது. டீ, காபி ரெண்டையும் முன்னால வெச்சா வேணுங்கறதைத் தொடுவாங்க.

குமார் சித்தப்பா: வயலை எப்படிம்மா முன்னால வைக்க?

மணி: 🤣

சரண்யா: பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட கேக்கறேன். வேற வேற நாள்ல, வேற வேற விதமா கேட்டு ஒரே பதில் வருதான்னு பாக்கணும். அதுவரை 18 வேணாம்.

குமார் சித்தப்பா: அட்வான்ஸ் வாங்கியாச்சு

ராஜி அத்தை: எவ்வளவு?

குமார் சித்தப்பா: டவர் சரியில்ல, அப்புறம் பேசறேன்

செந்தில் துபாய்: அப்பா, எவ்வளவு?

மணி: 17ன்னே சொல்லிரட்டுமா?