டாஸ்மாக்குக்கு உரிமம், கஞ்சாவுக்கு விலங்கு: ஏன் இந்த வேறுபாடு?

கண்டனூர் வாசகன்:
தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபடுவது நமக்குப் பழகிப்போன செய்தி. தீபாவளிக்கு டாஸ்மாக் எத்தனை கோடிக்கு விற்றது என்பதும் அதே அளவுக்குப் பழகிவிட்டது. இரண்டும் போதைதானே? ஒன்றை அரசே விற்கிறது, மற்றொன்றை வைத்திருந்தால் கைது. உடல்நலம்தான் அளவுகோல் என்றால் முதலில் மாட்டியிருக்க வேண்டியது மதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். சட்டம் படித்தவர்கள் விளக்கட்டும்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
சட்டத்தின் வேரில் இந்த வேறுபாடு கிடையாது. மருந்துக்கு அல்லாமல் மதுவும் உடலைக் கெடுக்கும் போதைப்பொருள்களும் புழங்குவதை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குக்கான சட்டமும் இரண்டுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

வழி பிரிந்தது பிறகுதான். மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் கோட்டையில் இருப்பவர்கள் நினைத்தால் திறக்கலாம், மூடலாம். 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடியும் திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கஞ்சாவோ 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைக்குள் அகப்பட்டுக்கொண்டது. மருத்துவம் சாராத பயன்பாட்டை ஒழிக்க இந்தியா போன்ற நாடுகளுக்கு 25 ஆண்டு தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை முடிய நான்கு ஆண்டுகள் இருந்தபோது, 1985இல், நாடாளுமன்றம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்பு பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளிலேயே கஞ்சா விற்றது. மதுவைத் தடுக்க அப்படியோர் உலக உடன்படிக்கை இன்றுவரை இல்லை. உடன்படிக்கை எழுதிய பெரிய நாடுகள் தாங்கள் குடிப்பதைப் பட்டியலில் சேர்ப்பார்களா?

இன்னொரு வேடிக்கை. அந்த உடன்படிக்கையிலும் நம் சட்டத்திலும் பூக்கும் காய்க்கும் நுனிகள்தான் கஞ்சா. நுனி சேராத தனி இலை வரையறைக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில், அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க உரிமத்துடன் கடை நடக்கிறது. ஒரே செடிதான், எந்தப் பாகத்தைப் பறித்தீர்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் தலையெழுத்து.

புதுவயல் மருந்தாளுநர்:
வக்கீல் ஐயா வரலாற்றைச் சரியாகச் சொன்னார். ஆனால் வாசகன் தம்பியின் கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. கஞ்சா வகைகளைத் தொடுபவர்கள், பாங்கையும் சேர்த்து, சுமார் 3 கோடி. குடிப்பவர்கள் ஐந்து மடங்கு இருக்கும்போது மொத்தச் சாவை எண்ணி எது கொடியது என்று தீர்ப்புச் சொல்லலாமா? இளவயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம். அது சாவுக் கணக்கில் வராது, வீட்டுக்குள்தான் தெரியும்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். ஊதச் சொன்னால் சாலையிலேயே தெரிந்துவிடும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் உடல் கொழுப்பில் தங்கிவிடும். தினமும் புகைப்பவருக்கு மயக்கம் தெளிந்து பல நாள் கழித்தும் சோதனையில் அது காட்டும். எந்த அளவுக்கு மேல் குற்றம் என்று கோடு போடுவீர்கள்?

செக்காலை வாசி:
அளக்கக் கடினம் என்பதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது என்ன நியாயம், அண்ணன்? 1893இல் ஆங்கில அரசே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பயன்பாட்டால் பெரிய தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை, வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது அந்தக் குழு. 2020 டிசம்பரில் வியன்னாவில் உள்ள ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்று 27 நாடுகள், கூடாது என்று 25. இந்தியா எந்தப் பக்கம் தெரியுமா? நீக்கலாம் என்ற பக்கம். வியன்னாவுக்கு ஒரு பேச்சு, காரைக்குடிக்கு வேறு பேச்சா? கனடா 2018இல் திறந்தது, ஜெர்மனி 2024இல் வீட்டில் சில செடிகள் வளர்க்க விட்டது.

மரபு என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கருப்பருக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம் என்றால், காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு அரைக்கிறார்கள்.

பள்ளத்தூர் பேரன்:
எங்கள் பாட்டையா பினாங்கில் லேவாதேவி செய்தவர். அந்தக் கால மலாயாவைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆங்கில அரசு முதலில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது, 1910 வாக்கில் தானே விற்கத் தொடங்கியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் நம் ஆட்களுக்குத் தனியாகக் கள்ளுக்கடை. அபின் கெட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் விற்றார்கள். இனி எங்கள் ஆட்சிப் பகுதிகளில் அபின் புகைப்பதை அனுமதிக்க மாட்டோம் என்று லண்டன் அறிவித்தது 1943இல். அப்போது மலாயா ஜப்பானியர் கையில்! இழக்க வருமானமே இல்லாதபோதுதான் அறம் பேச வாய் வந்தது. வாசகன் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். காசு யார் பெட்டியில் விழுகிறது என்று பாருங்கள்.

கல்லல் ஆச்சி:
முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் பேசுகிறேன், குறுக்கே வராமல் கேளுங்கள்.

பேரன் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் செக்காலைத் தம்பி கேட்பது ஆபத்து. மது வருமானம் போகிறதே என்று 1939இல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். பிறகு மது திரும்பி வந்தது, விற்பனை வரி போயிற்றா? இன்றைக்கு டாஸ்மாக் ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடிக்கு மேல் தருகிறது. அந்தப் பணத்தை விட்டுவிட எந்தக் கட்சிக்கு மனம் வரும்? நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. என்ன செய்தார்கள்? கடையைத் தூக்கி ஊருக்குள் வைக்கப் பார்த்தார்கள். 2017இல் பெண்கள் தெருவில் உட்கார்ந்து தடுத்தார்கள். ஒரு போதையை அரசு விற்கத் தொடங்கினால் அதற்கு நிறுத்தத் தெரியாது. இரண்டாவது போதையையும் அதன் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

சட்டப்படி விற்றால் கள்ளச் சந்தை ஒழியும் என்றும் சொல்லாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாத கூலித் தொழிலாளிகள்தான் பெரும்பாலும் பொட்டலச் சாராயத்துக்குப் போனார்கள்.

செக்காலை வாசி:
ஆச்சி, கடை திறக்கச் சொல்லி நான் எங்கே கேட்டேன்? சிறைக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன். குடித்துவிட்டுத் தெருவில் புரள்பவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிறோம். சட்டைப் பையில் சிறு பொட்டலம் வைத்திருந்த கல்லூரி மாணவன் மீது வழக்கு வருகிறது, கடவுச்சீட்டுக்குப் போனால் அதுவும் சேர்ந்து வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விற்பனை எங்கே வந்தது?

கல்லல் ஆச்சி:
அது வேறு பேச்சு. முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
சட்டத்திலேயே அந்தப் படிநிலை இருக்கிறது. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு, தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. பயன்படுத்தியதற்கு மட்டும் ஆறு மாதம் வரை. இதையெல்லாம் விட முக்கியமானது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றமோ சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சுமத்தப்பட்ட பிறகு, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 2001 திருத்தத்துக்குப் பிறகு உள்ள நிலை இது. என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

புதுவயல் மருந்தாளுநர்:
எனக்கே தெரியாது. கடைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்கும் அம்மாக்களிடம் இனி சொல்ல ஒரு வழி கிடைத்தது. ஆனாலும் மனச்சிதைவு பற்றி நான் சொன்னதற்குச் செக்காலைத் தம்பி பதில் சொல்லவில்லை.

கல்லல் ஆச்சி:
வக்கீல் தம்பி, அந்த 64ஏ பிரிவை நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள். தெரிந்த தலைமையாசிரியர்களிடம் கொடுத்து, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கச் சொல்கிறேன்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
எழுதித் தருகிறேன், ஆச்சி. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்பதையும் அதே பக்கத்தில் சேர்ப்பேன். அதை மறைத்து எழுதினால் பையன்கள் இரண்டாம் முறை மாட்டும்போது பெற்றோர் என்னைத்தான் தேடி வருவார்கள்.