சானி பாஸ் மேல கிராஸ் கன்ட்ரி ஸ்கீ: ஒல்லியானதா, அகலமானதா?

பக்கி_ஓட்டி

வணக்கம் மக்களே. ஜோகன்னஸ்பர்க்ல இருக்கேன். தென்னாப்பிரிக்காலேர்ந்து லெசோத்தோவுக்கு ஏறுற மலைப்பாதை சானி பாஸ், அது மேல பனி விழுந்த ஒடனே வண்டிய அங்க போட்டுட்டு, லெசோத்தோவோட உச்சி சிகரம் தபானா என்ட்லென்யானா வரைக்கும் ஸ்கீலயே போயிட்டு வரணும்னு ரெண்டு வருசமா ஆசை. லெசோத்தோல இருக்குற அஃப்ரிஸ்கி ஸ்கீ மையத்துல ரெண்டு தடவ சறுக்கியிருக்கேன், ஆனா அது மெஷின் வச்சு சமப்படுத்துன சரிவு, லிஃப்ட்ல ஏறி கீழ எறங்குறது, அவ்ளோதான். எனக்கு வேண்டியது யாரும் மிதிக்காத பனியில நாள் முழுக்க நடந்து போறது. எடை 78 கிலோ, ராத்தங்க பை 12 கிலோ வரும்.

ரெண்டு ஸ்கீ பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு ஆஸ்னெஸ் நான்சன், முன்னாடி 76, கால் வைக்கிற எடத்துல 56, பின்னாடி 66 மில்லிமீட்டர். இன்னொண்ணு ஃபிஷர் எஸ்-பவுண்ட் 98, அது 98, 69, 88. ரெண்டுலயும் ஓரத்துல ஸ்டீல் எட்ஜ் உண்டு. வெளிநாட்லேர்ந்துதான் வரவழைக்கணும், தப்பா வாங்கிட்டா திருப்பி அனுப்புறதெல்லாம் நடக்காத காரியம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வடக்குப்பனி

தம்பி, நான்சன் எடுங்க. நார்வேல நாலு வருசம் வேல பாத்தப்ப வாராவாரம் இப்படி சமப்படுத்தாத மேட்டுநிலத்துலதான் போவேன், அந்த அனுபவத்துல சொல்றேன். நீங்க போற எடம் சறுக்கி வெளையாடுற எடம் இல்ல, தூரம் போற எடம். சானி உச்சி 2876 மீட்டர், தபானா 3482, ஏத்தம் 600 மீட்டர்தான், ஆனா போக வர 20 கிலோமீட்டருக்கு மேல ஆகும், நடுவுல ஏறி எறங்குற மேடு பள்ளம் வேற. அவ்ளோ தூரத்துக்கு ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு முழம் வழுக்கிட்டுப் போச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம். அகலமான ஸ்கீயோட ரெண்டு ஓரமும் உள்பக்கம் வளைவா இருக்கும், திரும்புறதுக்கு நல்லது, நேரா போகாது, அங்கயும் இங்கயும் இழுக்கும். நான்சன் பேர சும்மா வைக்கல, அந்த மனுசன் 1888ல கிரீன்லாந்த குறுக்கால ஸ்கீலயே கடந்தவரு.

டிராக்கன்ஸ்பெர்க்காரி

அண்ணே, மன்னிக்கணும், நார்வே பனிய வச்சு நம்ம மலைக்கு கணக்கு போடாதீங்க. அங்க மாசக்கணக்கா ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து இறுகுன மெத்தை. நம்ம ஊர்ல ஒரு புயல்ல விழும், அப்புறம் காத்து. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க, லெசோத்தோ மேல அந்த ஆடிக்காத்து பனிய மேட்டுலேர்ந்து வழிச்சு எடுத்துட்டுப் போய் பள்ளத்துல கொட்டும். மேட்டுல புல்லு தெரியும், பள்ளத்துல இடுப்பளவு இருக்கும். பகல்ல வெயில் பட்டு மேல்தோல் உருகும், ராத்திரி மைனஸ்ல கண்ணாடி மாதிரி ஒரு ஓடு கட்டும், அடியில மாவு மாதிரி பொல பொலன்னு கெடக்கும்.

போன வருசத்துக்கு முந்தின ஆடில ஒரு நண்பரோட ஒல்லி ஸ்கீய வாங்கிட்டுப் போனேன், நடுவுல 54தான். காலைல ஒம்பது மணி வரைக்கும் நல்லா போச்சு, அதுக்கப்புறம் மூணு எட்டுக்கு ஒரு தடவ ஓடு ஒடைஞ்சு முழங்கால் வரைக்கும் எறங்குச்சு, எறங்குன கால வெளிய எடுக்குறப்ப ஸ்கீ மூக்கு ஓட்டுக்கு அடியில மாட்டிக்கும், கைய விட்டுத் தோண்டி எடுக்கணும். ரெண்டு கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம் ஆச்சு. அகலம்ங்கறது சொகுசு இல்ல தம்பி, ஓடு ஒடையாம மேலயே நிக்கிறதுக்குத்தான். எஸ்-பவுண்ட் எடுங்க.

வடக்குப்பனி

அக்கா சொல்ற ஓடு விசயம் சரிதான், நானும் அதுல அவஸ்தப்பட்டிருக்கேன். ஆனா அதே ஓடு காலைல இரும்பு மாதிரி இருக்குமே, அப்ப சரிவுல குறுக்க நடக்கணும், அங்கதான் அகல ஸ்கீ கை விடும். நடு அகலம் 69ன்னா எட்ஜ் உங்க பாதத்தோட நடுவுலேர்ந்து இன்னும் தள்ளி நிக்குது, அத பனியில அழுத்திப் பிடிக்கிற பலம் கணுக்காலுக்கு வேணும். கிராஸ் கன்ட்ரி பூட்ஸ் மெத்துனு வளையுற பூட்ஸ், எட்ஜ் பிடிக்கிறதுக்குள்ள பூட்ஸ் மடங்கிடும், ஸ்கீ தட்டையா சரியும். டிராக்கன்ஸ்பெர்க் மலையோட செங்குத்து விளிம்புக்குப் பக்கத்துல அப்படி சரிஞ்சா எங்க போய் நிப்பீங்கன்னு யோசிங்க. ஒல்லி ஸ்கீல எட்ஜ் பாதத்தோட நடுவுக்குக் கிட்ட இருக்கு, நின்னா நின்னதுதான்.

டிராக்கன்ஸ்பெர்க்காரி

அதுக்கு மாத்த வேண்டியது பூட்ஸ், ஸ்கீ இல்ல. கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கிற கெட்டியான தோல் பூட்ஸ், இல்லன்னா பிளாஸ்டிக் பட்டை போட்டது, அதோட 75 மில்லிமீட்டர் மூணு ஆணி பைண்டிங், அதாவது பூட்ஸ் நுனிய ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற கொக்கி. விரலுக்குக் கீழ அகலமா உக்காரும், ஸ்கீய திருப்புனா திரும்பும். என்என்என் பிசின்னு இன்னொரு வகை பைண்டிங் இருக்கு, அதுல ஒரு கம்பிதான் பிடிக்குது, அந்தக் கம்பி மாட்டுற குழியில பனி அடைச்சு இறுகிட்டா பூட்ஸ் மாட்டாது, மைனஸ் எட்டுல கையுறைய கழட்டிட்டு கத்தி முனையால சொரண்டிட்டு நிக்கணும். மூணு ஆணிலயும் அடைக்கும், ஆனா பூட்ஸ் நுனியால ரெண்டு தட்டு தட்டுனா உதிந்துடும்.

அப்புறம் விளிம்புக்குப் பக்கத்துல எந்த ஸ்கீலயும் போகக்கூடாது அண்ணே. பனி விளிம்பத் தாண்டி வெளிய தொங்கிட்டு நிக்கும், மேலேர்ந்து பாத்தா தரை மாதிரியே தெரியும்.

கல்லும்_புல்லும்

ரெண்டு பேரும் பனி இருக்குற நாளப் பத்தியே பேசுறீங்க. நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்கேன், எட்டு வருசமா பனி விழுந்த சேதி வந்தா ராத்திரியோட கெளம்புற ஆளு. பாதி நாள் அங்க ஒரு சாண் பனிதான், அதுக்கடியில குத்துக்குத்தா புல்லு, குத்துக்கு நடுவுல குழி. ஸ்கீ மூக்கு ஒரு குத்து மேல, வால் இன்னொரு குத்து மேல, நடுவுல உங்க 90 கிலோ. பாலம் மாதிரி வளையும். என் முதல் ஜோடி அப்படித்தான் பைண்டிங்குக்கு ஒரு விரல் முன்னாடி படக்குனு போச்சு, வண்டிக்கு ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தேன்.

அதனால அகலத்துக்கு முன்னாடி ரெண்டு விசயம். ஒண்ணு, அடியில மீன் செதில் மாதிரி வெட்டுனதா எடுங்க, ஏறுறப்ப பின்னாடி வழுக்காது. நார்வேக்காரங்க மாதிரி பிடிப்புக்கு அடியில வாக்ஸ் (மெழுகு) பூசுறது இங்க ஆகாது, காலைல மைனஸ் ஆறு, மத்தியானம் வெயில்ல பனி ஈரமாயிடுது, ஒரே நாள்ல மூணு வாக்ஸ் மாத்தணும். செதில்னா எந்தப் பனிலயும் ஓரளவு பிடிக்கும். வெறும் ஐஸ் ஏத்தத்துல மட்டும் வழுக்கும், அதுக்குக் காலுக்கு அடியில ஒட்டுற குட்டி ஸ்கின் (முடி வச்ச பட்டை) ஒரு ஜோடி பையில இருக்கட்டும். ரெண்டாவது, முடிஞ்சா பழசு வாங்குங்க. இங்க இருக்குறது பசால்ட் கல்லு, புதுசா பளபளன்னு கொண்டுபோனா முதல் நாள்லயே அடிப்பலகைல விரல் நீளத்துக்கு உழுதுடும். பீ-டெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் குச்சிய மெழுகுவத்தி மாதிரி கொளுத்தி அந்தக் கீறல்ல சொட்டு சொட்டா விட்டு, ஆறுனதும் தகட்டால வழிச்சா சரியாயிடும், ஆனா எட்ஜ் பக்கத்துல ஸ்கீக்குள்ள இருக்குற மரம் தெரியிற அளவுக்கு போச்சுன்னா தண்ணி ஊறி முடிஞ்சுது.

வடக்குப்பனி

செதில் விசயத்துல ஒத்துக்கிறேன், நான்சன்லயும் செதில் போட்டது உண்டு. ஆனா அண்ணே, நீங்க சொன்ன பாலம் கதை என் பக்கந்தான் பேசுது. தூரத்துக்குன்னு செஞ்ச ஸ்கீ நடுவுல வில்லு மாதிரி தூக்கலா, வெறைப்பா இருக்கும், அவ்ளோ சீக்கிரம் தொய்யாது. திரும்புறதுக்குன்னு செஞ்சது அந்தளவு வெறைப்பு இல்ல.

கல்லும்_புல்லும்

வெறைப்பா இருந்தா புல்லு மேல தாங்கும், சரி. அதே வெறைப்பு மெத்துனு இருக்குற பனில மூக்கையும் வாலையும் கீழ குத்தும், திருப்ப விடாது. 2024 செப்டம்பர்ல ஜோகன்னஸ்பர்க்-டர்பன் என்3 ரோட்டுல வான் ரீனன் கணவாய் பக்கம் வண்டியெல்லாம் ராத்திரி முழுக்க மாட்டிக்கிச்சே, அந்தப் புயல்ல நான் மேல இருந்தேன். புதுப்பனி தொடை வரைக்கும். அன்னிக்கு அகல ஸ்கீ இல்லன்னா குடிசைய விட்டு வெளிய வந்திருக்க முடியாது. நான் அகலத்துக்குத்தான் ஓட்டு.

பக்கி_ஓட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எஸ்-பவுண்ட் பக்கம் சாஞ்சுட்டேன், 75 மில்லிமீட்டர் பைண்டிங், கெட்டி பூட்ஸ். பையோட 90 கிலோ ஆகுறதால இருக்குறதுலயே நீளமான சைஸ் எடுக்கவா? கூட்டாளி ஒருத்தன் குட்டையா எடு, திருப்ப சுலபம்ங்கறான்.

டிராக்கன்ஸ்பெர்க்காரி

நீளமானதே எடுங்க. குட்டையா எடுத்தா அகலத்தால கெடச்ச மிதப்பு பாதி போயிடும்.

வடக்குப்பனி

ஸ்கீ உங்க இஷ்டம் தம்பி, நான் இன்னும் நான்சன்தான் சொல்வேன். ஒண்ணு மட்டும் கேளுங்க, பூட்ஸ முதல்ல வரவழைச்சு, கனமான சாக்ஸ் போட்டு ஒரு வாரம் வீட்டுக்குள்ள நடங்க. குதிகால் மேல தூக்குச்சுன்னா அந்த பூட்ஸ் வேணாம், 20 கிலோமீட்டர்ல தோல் உரிஞ்சிடும். சரியா உக்காந்தப்புறம் அதுக்கேத்த பைண்டிங், அப்புறம் ஸ்கீ. அந்த வரிசையில வாங்குங்க.

கல்லும்_புல்லும்

பாஸ்போர்ட் எடுத்துக்கோங்க, சானில ரெண்டு பக்கமும் பார்டர் இருக்கு, சாயங்காலம் மூடிடுவாங்க. தனியா போகாதீங்க. பனி விழுந்தா இங்க ஒரு வரி போடுங்க, நான் வர்றேன், பழைய ஜோடி ஒண்ணு கூடுதலா என் பக்கில (பிக்கப் வண்டில) கெடக்கு.