இலவசப் படுக்கையை ஏன் மறுக்கிறார்கள்? சென்னை நடைபாதைகளில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்

இரவுச்சுற்று:

நடைபாதையில் படுத்திருப்பவர்களிடம் இரவில் போய்ப் பேசி, மாநகராட்சிக் காப்பகங்களுக்கு அழைத்துச் செல்லும் குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “படுக்கை இலவசம், சாப்பாடும் உண்டு, பிறகு ஏன் வர மறுக்கிறார்கள்?” கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள்: சோம்பல், குடி, பிச்சையில் கண்ட ருசி. இதைக் கேட்டுக் கேட்டு மனம் கசந்துதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அபிப்பிராயம் வேண்டாம். நேரில் பார்த்ததை, பேசியதை எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டெல்லிக் குளிரில் தெருவாசிகள் இறந்ததை ஒட்டி, 2010-ல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதே கணக்கை வைத்து, ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று சேர்த்தது. சென்னையில் மாநகராட்சி கட்டிடம் கொடுக்கிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குடும்பமாகத் தங்கும் இடம் தேவைக்கு மிகக் குறைவு.

நான் பார்த்த ஒருவர் பூக்கடைப் பக்கம் இருக்கிறார். பூக்கட்டிப் பிழைக்கும் பெண், கணவர் இல்லை, மகனுக்குப் பதினான்கு வயது. பெண்கள் காப்பகத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னோம். கையில் நார் ஓடிக்கொண்டே இருந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நான் உள்ளே போய்விட்டால் இவன் எங்கே படுப்பான்?” ஆண்பிள்ளைகளுக்கு வேறு இடம் உண்டு என்றோம். “இவன் வயதில் தனியாக விட்ட பையன்களை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், தம்பி. என் கண் முன்னால் கிடக்கட்டும்.” இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? அந்தத் தாய் செய்வது பாதுகாப்பு. குடும்பக் காப்பகத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறோம், இன்னும் கிடைத்தபாடில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:

தம்பி, நீங்கள் தெருவுக்கு வந்தவர்களைச் சொல்கிறீர்கள். தெருவுக்குப் போகிறவர்களை நான் வார்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். சர்க்கரை நோயால் பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்ட ஒருவர். கட்டிட வேலை செய்தவர், வேலை நடக்கும் இடமே அவருக்கு வீடு. கால் போனதும் அதுவும் போயிற்று. டிஸ்சார்ஜ் சீட்டில் முகவரி எழுதும் இடத்தில் யாரோ ‘பிளாட்பாரம்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழேயே ‘தினமும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றவும், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற அறிவுரை. ஐப்பசி மாதம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வரியையும் எழுதியவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் படித்திருந்தால் அவரை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் மருத்துவ சமூகப் பணியாளர் விடாப்பிடியாக நின்று, படுக்கையைக் காலி செய்யுமுன்பே ஒரு காப்பகத்தில் பேசி இடம் பிடித்தார். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்ற ஏற்பாடு செய்தார். புண் ஆறியது. இல்லையென்றால் சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலையில் திரும்பி வந்திருப்பார். அப்படி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்து நோயாளியோடு வந்து மாதக்கணக்கில் மரத்தடியில் கிடக்கும் உறவினர்கள். இப்போது சில அரசு மருத்துவமனை வளாகங்களில் அவர்களுக்கென்றே காப்பகம் இருக்கிறது. மிக நல்ல காரியம். வைத்தியத்துக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, நோயாளியும் இறந்த பிறகு ஊருக்குப் போக முகம் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்ட ஆண்களை எனக்குத் தெரியும். அந்த நாளில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசி பஸ் ஏற்றிவிட்டிருந்தால் அவர் நடைபாதைக்கு வந்திருக்கவே மாட்டார்.

திருவொற்றியூர்க்காரன்:

கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. எங்கள் பகுதியில் பாலத்தடியில் இருந்த சில குடும்பங்களுக்கு நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடே கொடுத்தார்கள். பூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். வீட்டையே வேண்டாம் என்பவர்களுக்கு என்னதான் செய்வது?

கோயம்பேடு:

அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். நானும் தெருவில் இருந்தவன்தான்.

என் அத்தைக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தது. பாரிமுனையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அத்தை பாரிமுனையில் மூட்டை தூக்குவதும் கடைகளுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுவதும் விடியுமுன் நடக்கும் வேலை. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பேருந்து எங்கே வருகிறது? வாரம் ஆறு நாள் நடைபாதையில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போனார். பார்ப்பவர்கள் ‘பூட்டிப் போட்டுவிட்டாள்’ என்றார்கள். வீடு வேண்டாம் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. சோறு இங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

என் கதை வேறு. சந்தையில் சுமை தூக்கினேன். லாரிகள் நள்ளிரவிலிருந்து வரும், அப்போதுதான் கூலி. முதலில் என்னை அழைத்துப் போன காப்பகத்தில் இரவு ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே போனால் காலையில்தான் உள்ளே வரலாம். பகலில் தூங்கவும் விடமாட்டார்கள். இருபத்து நான்கு மணி நேரம் என்று உத்தரவில் இருப்பதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது இரவே கூலி போய்விடும் என்று ஓடிவந்துவிட்டேன். ‘அழைத்தும் வராதவன்’ பட்டியலில் என் பெயரும் இருந்திருக்கும்.

இன்னொன்று, வண்டி பயம். இரவில் வண்டி வந்து நின்றால் எங்களில் பாதிப்பேர் எழுந்து ஓடுவோம். பிச்சைத் தடுப்புச் சட்டம் என்று 1945-லிருந்து ஒன்று இருக்கிறது. பிச்சை எடுக்காதவனையும் அதில் அள்ளிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பயம் ஊறியிருந்தது. நல்லது செய்ய வருகிற வண்டி எது என்று தூக்கத்தில் எழுந்தவனுக்குத் தெரியாது.

என்னை மீட்டது வேறொரு காப்பகத்தின் பொறுப்பாளர் அக்கா. நேரம் கேட்டார், வேலையைக் கேட்டார். காலை ஏழு மணிக்கு வந்து மதியம் வரை தூங்க அனுமதித்தார். பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டி கொடுத்தார். அது பெரிய விஷயம். தெருவில் பணத்தைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கினால் தூக்கமும் வராது, பணமும் நிற்காது. காப்பக முகவரியிலேயே ஆதார் எடுத்துக் கொடுத்தார். அதைக் காட்டி வங்கிக் கணக்கு தொடங்கினேன். அந்தக் கணக்கில் சேர்ந்த பணம்தான் அறைக்கு முன்பணம்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னை வழக்கம். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும். கையில் ஒன்றும் இல்லாதவன் எதற்கும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தினம் கூலி வாங்குகிறவனால் மாத வாடகை கட்ட முடியும். மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் வைக்க முடியாது. என்னோடு இருந்தவர்கள் பலர் அந்த ஒரு தொகையில்தான் நின்றுபோனார்கள்.

வாக்குச்சாவடி ஆசிரியை:

மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்த்திருக்கிறேன். கோயம்பேடு தம்பி முகவரியைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடற்றவர் படிவம் 6 கொடுத்தால் முகவரிச் சான்று கட்டாயமில்லை. அவர் சொன்ன இடத்தில் உண்மையில் இரவில் படுக்கிறாரா என்று நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு முறைக்கு மேல் பார்க்க வேண்டும். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் ஒரு பாட்டிக்காக அப்படிப் போனேன். கடையின் ஷட்டரில் எழுதியிருந்த எண்தான் அவர் கொடுத்த முகவரி. முதல் இரவு நான் போனபோது கடையை இன்னும் அடைக்கவில்லை, பாட்டி எதிர்ப்புறம் காத்துக்கொண்டிருந்தார். ஷட்டர் இறங்கியதும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார், ஒரு கோணியை விரித்து, “உட்காருங்கள் டீச்சர்” என்றார். அவருடைய அம்மாவும் அதே வாசலில்தான் இருந்தாராம். இரண்டு தலைமுறையாக ஒரே தெருவில் இருப்பவரை ‘வந்தேறி’ என்று கடைக்காரர் என் காதுபடச் சொன்னார்.

வாக்காளர் அட்டை வந்த பிறகு பாட்டி முதலில் கேட்டது ஓட்டைப் பற்றி இல்லை. “இதை வைத்து முதியோர் பணத்துக்கு எழுதிப் போடலாமா?” எழுதிப் போட்டோம். நேரம் பிடித்தது, ஆனால் வந்தது. இப்போது அந்தப் பணத்தோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து, பின்சந்தில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்கிறார்கள்.

புறநகர்வாசி:

மனநலம் குன்றியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர்களைத்தான் மக்கள் ‘கூப்பிட்டாலும் வராதவர்கள்’ என்று எளிதாகக் கைவிடுகிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி, அப்படி அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னைக் காவல்துறை 2021-ல் தெருவில் ஆதரவின்றி இருப்பவர்களை மீட்கும் ‘காவல் கரங்கள்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘தி பேனியன்’ தொண்டு நிறுவனம் இதற்கு ஒரு விடை கண்டது. குணமான பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துவார்கள், உதவிக்கு ஒருவர் இருப்பார். அந்த மாதிரி ஒரு வீடு எங்கள் தெருவுக்கு வந்தபோது கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். நடந்தது என்னவென்றால், காய்கறி வண்டிக்காரரிடம் ஓசிக் கறிவேப்பிலைக்கு எங்களைவிட உரக்கச் சண்டை போடும் ஒரு அம்மா எங்களுக்குக் கிடைத்தார். என் மாமியார் தினமும் அவரோடுதான் கோவிலுக்குப் போகிறார்.

திருவொற்றியூர்க்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாக்கத்து விஷயத்தில் நேரக்கணக்கை நான் யோசிக்கவில்லை. ஒரு கேள்வி. எங்கள் தெரு முனையில் ஏடிஎம் படியில் ஒரு பெரியவர் சில வாரங்களாகப் படுக்கிறார். யாரிடம் சொல்வது?

இரவுச்சுற்று:

மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம், அவர்கள் காப்பகத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். ஆனால் அண்ணா, அதற்கு முன் நீங்களே ஒரு தடவை பேசிவிடுங்கள். தூங்கும்போது எழுப்ப வேண்டாம், மாலையில் போங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு, கூட யார், மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா, இவ்வளவு தெரிந்தால் போதும். எந்தக் காப்பகம் அவருக்குச் சரிப்படும் என்று எங்களால் சொல்ல முடியும். வர மறுத்தால் அடுத்த வாரமும் போங்கள்.

திருவொற்றியூர்க்காரன்:

பேசினேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாராம், வேலை முடிய இரவு பன்னிரண்டு ஆகிறது. மகனோடு மனத்தாங்கல். அந்த நேரத்துக்குக் கதவு திறக்கும் காப்பகம் எங்கள் பக்கம் எது என்று சொல்லுங்கள் தம்பி. முகூர்த்த நாள் இல்லாத திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.