ஹேவ்லாக்கில் மழை: நாளை டைவிங் நடக்குமா?

அந்தமான் ஹேவ்லாக்கில் மூன்று நாளாக மழையில் மாட்டியிருக்கிறோம். காலையில் வெயில், பத்து மணிக்குக் காற்று, அப்புறம் கொட்டித் தீர்க்கிறது. மிச்சம் நாளை மட்டும்தான். மறுநாள் காலை 8 மணிக்கு ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) விமானம். இரண்டு ஸ்கூபா டைவ் போட்டால் பறப்பதற்கு முன் 18 மணி நேரம் விட வேண்டும். அதாவது பகல் 2 மணிக்குள் கரையேற வேண்டும்.

நேற்று எலிஃபண்ட் பீச்சுக்குப் படகு விடவில்லை. சரி என்று காட்டுப்பாதையில் நடந்தோம். கணுக்கால் வரை சேறு, தம்பியின் செருப்பு ஒன்று அதிலேயே போயிற்று. போய்ப் பார்த்தால் கடல் தேநீர் நிறத்தில் கிடந்தது. மூன்று டைவ் கடைகளில் கேட்டாயிற்று, எல்லோரும் "காலையில் பார்க்கலாம்" என்கிறார்கள்.

இப்படி மழை பெய்த மறுநாள் காலை, இங்குள்ள டைவ் இடமான நீமோ ரீஃபில் இறங்கியவர்கள் இருக்கிறீர்களா, உள்ளே எத்தனை மீட்டர் தெரிந்தது?