குழாய் நீரின் கடினத்தன்மை 410: சாதனம் வாங்குவதற்கு முன் எதைச் சோதிப்பது?

கேள்வி – மூன்றாம்தளவாசி

அனைவருக்கும் வணக்கம். நகரின் பழைய பகுதியொன்றில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அண்மையில் குடிவந்தோம். குழாயில் வரும் நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சோப்பு நுரைப்பதில்லை. ஷவரின் துளைகள் அடைத்துக்கொள்கின்றன. கெட்டிலின் அடியில் வெள்ளை உப்பு படிந்து செதில் செதிலாகப் பெயர்கிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

சாதனம் விற்க வந்த ஒருவர், பேனா போன்ற மீட்டரை நீரில் நனைத்து 640 என்று காட்டி, இதைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்றும் வீடு முழுமைக்கும் ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியே நீரை அழுத்திக் கரைந்த பொருள்களை நீக்கும்) கருவி பொருத்துவதே தீர்வு என்றும் சொன்னார். அவர் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க மனம் வராததால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தக் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) 640, மொத்தக் கடினத்தன்மை 410, காரத்தன்மை 260 என்று அறிக்கை வந்திருக்கிறது, பின்னிரண்டும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்பட்டவை. நுண்ணுயிர்ச் சோதனை செய்யவில்லை.

இந்த நீரைக் குடிக்கலாமா? என் மகளுக்குத் தோல் வறட்சியும் அரிப்பும் உண்டு. நீரை மென்மையாக்கினால் அது குறையுமா? ஒரே பகுதியில் தெருவுக்குத் தெரு நீர் மாறுவது ஏன்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – ஆய்வகவாசி

வணக்கம் அம்மா. நீர் ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். 180 மில்லிகிராமைத் தாண்டிய நீரையே மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துவது வழக்கம்; உங்கள் நீர் அதற்கும் வெகு மேலே நிற்கிறது. ஆனாலும் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த வரம்பையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. அதற்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய தாதுக்களே. கடின நீர் குடிப்பதால்தான் சிறுநீரகக் கல் வருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. போதுமான அளவு நீர் குடிக்காமலிருப்பதே கல் உருவாக நன்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. முன்பே கல் வந்தவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த மீட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதன் எண்ணைக் கண்டே அஞ்சுகிறார்கள். அது அளப்பது நீரின் மின்கடத்துதிறனை மட்டுமே. அதை ஒரு காரணியால் பெருக்கி மில்லிகிராமாகக் காட்டுகிறது. அந்த 640க்குள் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. ஈயம் அந்த அளவைப் பத்து மடங்கு மிஞ்சினாலும் மீட்டரில் மாற்றம் தெரியாது. மலக்கழிவிலிருந்து வரும் கிருமிகள் நீரில் நிறைந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. எனவே எண் குறைந்த நீரெல்லாம் பாதுகாப்பானதும் அன்று, எண் கூடிய நீரெல்லாம் தீங்கானதும் அன்று.

உங்கள் அறிக்கையில் மிகவும் பயனுள்ள எண் காரத்தன்மைதான், நீரில் பைகார்பனேட் எவ்வளவு என்பதை அதுவே காட்டுகிறது. மொத்தக் கடினத்தன்மையான 410இல் 260 பைகார்பனேட்டோடு சேர்ந்த தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கவைத்தால் இதுவே கார்பனேட்டாகப் பிரிந்து கெட்டிலில் படிகிறது. எஞ்சிய 150 சல்பேட், குளோரைடு வடிவிலான நிரந்தரக் கடினத்தன்மை. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது நீரிலேயே இருக்கும். அந்த வெள்ளைப் படிவு விழுங்கிவிட்டாலும் தீங்கற்றது. நீர்த்த வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தால் கரைந்துவிடும். அவற்றோடு பிளீச்சிங் கரைசலை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.

மகளின் தோல் குறித்து: கடின நீர் உள்ள பகுதிகளில் குழந்தைகளுக்கு எக்சிமா (தோல் வறண்டு அரிக்கும் அழற்சி) சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மை. ஆனால் எக்சிமா உள்ள 336 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வீட்டில் மென்னீராக்கி (நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) பொருத்தியதால் வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. கடின நீரில் சோப்பு முழுமையாக அலசப்படாமல் தோலில் தங்கும் என்பதால், சோப்பைக் குறைத்து, குளித்த உடனே ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுவதை முதலில் செய்து பாருங்கள்.

மறுமொழி – குழாய்வழி

நீர் விநியோகப் பணியில் இருப்பவன் நான். ஒரே பகுதியாகத் தோன்றினாலும் இரண்டு தெருக்களும் வெவ்வேறு நீர்த்தேக்கத் தொட்டிகளிலிருந்து நீர் பெறக்கூடும். ஒன்றுக்கு ஆற்று நீரும் மற்றொன்றுக்கு நிலத்தடி நீரும் வந்தால் கடினத்தன்மை பல மடங்கு மாறும். சுண்ணாம்புப் பாறை வழியே ஊறி வரும் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும். உங்கள் குடியிருப்பின் தரைத்தொட்டியில் குழாய் நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். தெருக் குழாயிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரியையும் உங்கள் வீட்டுக் குழாய் மாதிரியையும் ஒரே நாளில் சோதித்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடினத்தன்மையைவிட, நீங்கள் செய்யாமல் விட்ட நுண்ணுயிர்ச் சோதனையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். குறிப்பிட்ட நேரம் மட்டும் நீர் விடப்படும் இடங்களில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியே அருகிலுள்ள சாக்கடை நீர் உள்ளிழுக்கப்படுகிறது. தெளிவாகத் தோன்றும் நீரிலும் இது நிகழ்ந்திருக்கலாம். ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியை அதற்குள்ளிருக்கும் மருந்தைக் கழுவிவிடாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். 100 மில்லி லிட்டரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாய் முனையில் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறம் மாறும் எளிய சோதனைப் பொருளைக் கொண்டு அதை வீட்டிலேயே பார்க்கலாம். தெருவில் குளோரின் இருந்து வீட்டில் இல்லையென்றால், முதலில் தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய கட்டடம் என்பதால் ஈயத்தையும் சோதியுங்கள். 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நீர்மூலத்தை மாற்றியபோது குழாயின் உலோகம் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கரைந்தது. இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்று, காலையில் முதலில் வரும் நீரையே அதற்கான மாதிரியாக எடுக்க வேண்டும்.

மூன்றாம்தளவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. தரைத்தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கலப்பதை இன்று உறுதிசெய்துகொண்டேன். நுண்ணுயிர், ஈயச் சோதனைகளுக்கு ஏற்பாடு செய்கிறேன். முடிவுகள் நல்லவையாக வந்தால், கீசரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் காப்பாற்ற மென்னீராக்கி மட்டும் பொருத்தலாமா? அந்த நீரைக் குடிக்கலாமா?

மறுமொழி – ஆய்வகவாசி

பொருத்தலாம். உப்பைக் கொண்டு இயங்கும் மென்னீராக்கி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் சேரும். உங்கள் 410 முழுவதும் நீங்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் கூடும். 200ஐ நெருங்கும்போது உப்புச் சுவை நாவில் தட்டத் தொடங்கும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும், பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஏற்றதன்று. ஆகவே சமையலறையில் ஒரு குழாயையாவது மென்னீராக்கிக்கு முன்பிருந்தே பிரித்து எடுங்கள். பொருத்திய பிறகு பேனா மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் குறைந்திருக்காது, சிறிது கூடியும் இருக்கலாம். சாதனம் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருளில்லை. கடினத்தன்மைக்குரிய சொட்டுச் சோதனையால்தான் அதைச் சரிபார்க்க வேண்டும்.

முழு நீரையும் மென்மையாக்க வேண்டிய தேவையும் இல்லை. நான்கில் மூன்று பங்கை மட்டும் கருவி வழியே விட்டு மீதியை நேராகக் கலந்தால் கடினத்தன்மை 100 அளவில் நிற்கும். படிவுத் தொல்லை பெரிதும் அடங்கிவிடும், உப்புச் செலவும் குறையும். பல கருவிகளில் இதற்கென்றே கலப்பு வால்வு உண்டு.

வீடு முழுமைக்கும் ஆர்.ஓ. வேண்டாம், நீரில் ஒரு பெரும்பங்கு கழிவாகப் போய்விடும். நைட்ரேட், புளோரைடு, ஈயம் போன்றவை வரம்பை மீறியிருந்தால் மட்டும் குடிநீர்க் குழாய் ஒன்றுக்கு அதைப் பொருத்துங்கள். மென்னீராக்கியைக் கழுவி வெளியேறும் உப்புக் கரைசலைக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். செடிகளுக்குப் போனால் சோடியம் மண்ணை இறுகச் செய்து, வேரைக் கெடுத்துவிடும்.